சத்தம் போடாத கேமரா

திண்டிவனம்
18.8.2025

மரியே வாழ்க.

அன்பு மகள் வெனிலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சவுக்கியம். அவள் சவுக்கியமாக இருந்தால் எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும் என்பதால் நானும் சவுக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளை அலெக்ஸும் குட்டிப்பயல் ஜெனித்தும் அதுபோல இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

இதைக் கொண்டுவருவது வழக்கம்போல இருதயமேரி டீச்சர்தான். தினமும் காலை ரயிலில் விழுப்புரம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர், நம் தொழிலையும் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். என் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு மெமரி கார்டு இருக்கிறது. இரண்டிலும் மாதா தேர்ப் படங்கள். நான் எடுப்பதும், நீ அங்கே கம்ப்யூட்டரில் தேறியதைப் பொறுக்கி, நிறம் சரிபண்ணி ஆல்பம் ஆக்குவதும் உன் கல்யாணத்திலிருந்தே நடக்கிற ஏற்பாடு. முன்பெல்லாம் கூட்டில் ஒரு துண்டுச் சீட்டு வைப்பேன், மீதியைப் போனில் பேசிக்கொள்வோம். இப்போது நீ என் போனை எடுப்பதில்லை. "வேலை விஷயம்னா எழுதி அனுப்பச் சொல்லும்மா" என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஒரு விதத்தில் நல்லது. போனில் நான் கத்துவேன், நீ வைப்பாய். பேப்பரில் கத்த எனக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதால், எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். தேர்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார். மாதா முகத்தில் கேப்பை மாவு தூவினாற்போல் புள்ளி புள்ளியாக இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் நம் பழைய கேமரா இனிமேல் தாங்காது. இப்போது எல்லோரும் வைத்திருக்கிற மிர்ரர்லெஸ் கேமரா ஒன்று புதிதாக வாங்கலாம் என்று யோசனை. பாண்டிச்சேரிக் கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று பெரியது. கையில் எடுத்தால் கனம், இருட்டிலும் தெளிவு, விலையும் அதற்குத் தகுந்தபடி. இன்னொன்று சின்னது. ஜெனித்துக்கு வாங்கின பொம்மை மாதிரி இருக்கிறது. படம் மோசமில்லை என்கிறார்கள். அதே கடையில் இரண்டையும் மாத வாடகைக்கும் தருகிறார்கள். சின்னதை மேல்மலையனூர் காதுகுத்துக்கும், பெரியதைக் குமரேசன் வீட்டுக் கல்யாணத்துக்கும் எடுத்துப் போய்ப் பார்க்கப் போகிறேன். எது தேவலை என்று நீதான் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் மனசு பெரியதன் பக்கம்தான் சாய்கிறது. அது கழுத்தில் தொங்கினால் மனுஷனுக்கு ஒரு மதிப்பு வரும். இருக்கிற மதிப்பு போதவில்லை என்று அம்மா தினமும் சொல்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா
மரியஅந்தோணி


விழுப்புரம்
20.8.2025

அப்பாவுக்கு,

கார்டு வந்தது. தேர்ப் படங்களில் முக்கால்வாசி தேறும். புள்ளியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். இன்னும் குறைத்தால் மாதாவுக்கு மேக்கப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஃபாதருக்கு முதலில் அனுப்ப வேண்டியவை தனி ஃபோல்டரில் இருக்கின்றன.

கேமரா பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழையதை மாற்றலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எதை வாங்குவது என்பதில்தான். பெரியது ஒன்றின் விலைக்குச் சின்னது இரண்டு வரும். இதை நான் ஏற்கெனவே சொன்னேன். ஒன்று உங்கள் கையில், ஒன்று என் கையில். ஒரு கல்யாணத்தை ஒரே ஆள் எல்லாப் பக்கமும் நின்று எடுக்க முடியாது. தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அம்மா முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் ஒரு கல்யாணத்திலும் எடுத்ததில்லை. எடுக்கத் தெரியாமல் இல்லை. நீங்கள் தாலிப் பக்கம் நிற்பீர்கள். உங்கள் படங்களை இத்தனை வருஷமாகப் பார்க்கிறவளுக்கு அதில் எது இல்லை என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

நான் அங்கே வந்திருந்த அன்றைக்கு, குமரேசன் சார் தன் மகள் கல்யாணத்தை புக் பண்ண நம் வீட்டுக்கு வந்தபோது, "பாப்பாவும் வந்து படம் எடுக்குமா?" என்று அவராகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "அது கம்ப்யூட்டர் ஆளுங்க, படமெல்லாம் நான்தான்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். என் கையில் அவருக்குக் கொண்டுவந்த காபி இருந்தது. வைத்துவிட்டு உள்ளே போனேன்.

உங்களுக்கு அது சாதாரணப் பேச்சு. அலெக்ஸும் அப்படித்தான் சொல்கிறார். எனக்கு அப்படி இல்லை. சண்டை என்று நினைக்க வேண்டாம். போனில் பேச மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

பெரியதுதான் வேண்டுமென்றால் வாங்குங்கள். கழுத்து உங்களுடையது.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் ஆள்


திண்டிவனம்
25.8.2025

மரியே வாழ்க.

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். அம்மாவும் படித்தாள். படித்துவிட்டு என் இட்லிக்குச் சட்னி வைக்காமல் போனாள். தீர்ப்பு யார் பக்கம் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். நீ எழுதியதற்குப் பதில் எழுத இன்னும் கொஞ்சம் எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மேல்மலையனூரில் விருத்தாசலம் வீட்டுக் காதுகுத்து. சின்ன கேமராவோடு போனேன். சொந்தக்காரர்களை வரிசையாக நிற்க வைத்து, அசையாதீங்க என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். சத்தமே வரவில்லை. நம் பழையது அழுத்தினால் பூட்டுப் போட்ட மாதிரி 'சடக்' என்னும். அந்தச் சத்தம் கேட்டால்தான் நம் ஜனங்கள் மூச்சு விடுவார்கள். இதுவோ ஊமை. படம் விழுந்துவிட்டது என்று நான் தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன், அத்தனை பேரும் வயிற்றை எக்கிக்கொண்டு, கண் சிமிட்டாமல் அப்படியே நிற்கிறார்கள். விருத்தாசலத்தின் மாமனாருக்கு முகமே சிவந்துபோனது.

"ஏம்பா, எடுத்துக்கினு இருக்கியா, இல்ல எங்களப் பாத்துக்கினு இருக்கியா?" என்றார்.

எடுத்தாச்சு என்றேன். அவர் நம்பவில்லை. "சத்தம் வரலியே" என்று மறுபடியும் வயிற்றை எக்கிக்கொண்டார்.

மூன்றாவது வரிசைக்குள் எனக்கே பேஜாராகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், அழுத்தும்போது வாயாலேயே "டிக்" என்றேன். அவ்வளவுதான். எல்லோரும் மூச்சை விட்டார்கள். விட்ட மூச்சோடு சிரிப்பும் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு படம் எடுத்தேன். அது எப்படி என்று பார்த்துச் சொல். அதற்கப்புறம் யாரும் சும்மா நிற்கவில்லை. "டிக் சொல்லுங்கண்ணே, டிக் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கி நின்றார்கள். கறிச்சோறு போடும் நேரத்துக்குள் எனக்கு டிக் அண்ணன் என்று பெயர் விழுந்துவிட்டது. பந்தியில் ஒரு துண்டு கூடுதலாகக் கிடைத்தது.

வாயால் கேமரா ஓட்டுகிறவன் நம் ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். "அப்போ வாய மட்டும் எடுத்துக்கினு போயிருக்கலாமே" என்கிறாள் அம்மா.

குமரேசன் வீட்டு ரிசப்ஷன் முப்பதாம் தேதி சாயங்காலம், திண்டிவனத்தில் மண்டபம். மறுநாள் காலை மயிலம் கோயிலில் தாலிகட்டு. அதற்குப் பெரிய கேமரா.

இப்படிக்கு,
டிக் அண்ணன் என்கிற
அப்பா


விழுப்புரம்
28.8.2025

அப்பாவுக்கு,

காதுகுத்து வீடியோத் துண்டுகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உங்கள் "டிக்" கேட்கிறது. ஜெனித் அதைப் பிடித்துக்கொண்டான். சோப்பு டப்பாவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தெருவில் போகிற மாட்டுக்கெல்லாம் "டிக்" சொல்கிறான். நான் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் கேட்ட படம் நல்ல படம். அந்த மாமனார் வாயைத் திறந்து சிரிக்கிறாரே, அதைத்தான் சொல்கிறேன். பெரியதில் எடுத்திருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். கேமரா ஊமை இல்லை. உங்களுக்கு முன்னால் வாடகைக்கு எடுத்தவர் சத்தம் வராதபடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெரியதிலும் அந்த வசதி இருக்கும். மெனுவில் 'சைலன்ட்' என்று இருக்கும் இடத்தில் 'ஆஃப்' வைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, மண்டபத்தில் கட்டாயம் மாற்ற வேண்டும். இப்போது மேடை முழுக்க எல்.இ.டி. விளக்கு. அது நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரியும். சத்தமில்லாமல் எடுக்கும்போது கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாங்கும். விளக்கு மங்கின நேரத்தில் வாங்கின வரி கறுப்பாகிவிடும். முகத்தின் மேல் கோடு கோடாக விழும். விழுந்தால் என்னால் அதை எடுக்க முடியாது.

நான் கூட வந்திருந்தால் நானே மாற்றிக் கொடுத்திருப்பேன். வராததால் எழுதுகிறேன்.

வெனிலா


திண்டிவனம்
1.9.2025

மரியே வாழ்க.

அன்பு மகளுக்கு,

கூட்டில் நாலு கார்டு. குமரேசன் வீட்டுக் கல்யாணம் முழுசும் இதில் இருக்கிறது. அவசரமாக எழுதுகிறேன், டீச்சர் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார்.

பெரியது பெரியதுதான் அம்மாடி. மயிலத்தில் கோயில் மண்டபத்து இருட்டிலும் பெண்ணின் மூக்குத்தி மின்னுகிறது.

நீ எழுதியபடி மெனுவுக்குள் போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். ஆனால் விருத்தாசலம் குமரேசனுக்குச் சொந்தமாம். காதுகுத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ரிசப்ஷனிலும் இருந்தார்கள். மேடையில் ஏறியதும் "டிக் அண்ணே வந்துட்டாரு" என்று ஒரே சத்தம். கேமராவே சத்தம் போட்டுவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை? அதனால் ஊமையாகவே விட்டுவிட்டேன். கோடு என்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒன்றிரண்டில் நிழல் மாதிரி பார்த்தேன். மேடை விளக்கின் டிசைன் என்று நினைக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா


விழுப்புரம்
4.9.2025

அப்பாவுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் நல்லது.

மயிலத்துப் படங்கள் நன்றாக இருக்கின்றன. ரிசப்ஷன் படங்களில் கோடு. ஒன்றிரண்டில் இல்லை, மேடையில் எடுத்தது அத்தனையிலும். பெண்ணின் நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, கழுத்து நகையில் ஒன்று. அணில் முதுகு மாதிரி இருக்கிறது. டிசைன் இல்லை அப்பா.

இரண்டு நாள் போராடிப் பார்த்தேன். கோட்டை எடுத்தால் தோலும் கூடப் போகிறது. தோலைச் சரிபண்ணினால் ஆள் வேறு ஆளாகிறது. அலெக்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு, பொண்ணோட அக்காவா?" என்று கேட்டார். அதோடு நிறுத்திவிட்டேன்.

நான்தான் சொன்னேனே என்று எழுதப் போவதில்லை. எழுத எடுத்த பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன்.

குமரேசன் சாரிடம் சொல்லியாக வேண்டும். கார்டு கெட்டுப்போச்சு என்று சொல்லலாம். இந்தத் தொழிலில் நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள், யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அது தெரிகிற வரைக்கும் ஆல்பத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன். இது மிரட்டல் இல்லை. கை வரவில்லை.

வெனிலா


திண்டிவனம்
8.9.2025

மரியே வாழ்க. இன்று மாதா பிறந்தநாள். பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். 'சைலன்ட்' என்று எழுதினாயே, அந்தக் கடிதம் ரிசப்ஷன் அன்றைக்கு என் சட்டைப் பையில்தான் இருந்தது. கேமரா அதற்கு மேலேயே தொங்கியது. இரண்டுக்கும் நடுவே நாலு விரல்கடை இடம். அந்த நாலு விரல்கடையில்தான் உன் அப்பாவின் புத்தி உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றிருக்கிறது.

நேற்று குமரேசன் வீட்டுக்குப் போனேன். கார்டு கெட்டுப்போச்சு என்பதைப் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் வந்தது. முகத்தைக்கூட அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டேன். மயிலத்தில் இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தால், வாசலில் மல்லாட்டைச் செடியைக் குவித்துப் போட்டு வீடே உட்கார்ந்து வேர்க்கடலைக் காய் ஆய்ந்துகொண்டிருக்கிறது. கல்யாணப் பெண் கலைப்பிரியாவும் மறுவீட்டுக்கு வந்தவள், புதுத் தாலியோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். "வாங்க டிக் சார்" என்றாள். நானும் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்து ஆய ஆரம்பித்துவிட்டேன். இரண்டு கூடை நிறைந்திருக்கும். குமரேசன் என்னையே பார்த்தார்.

"ஏன் அந்தோணி, எங்க வூட்டு மல்லாட்ட ஆயறதுக்கா திண்டிவனத்துலேர்ந்து பஸ் ஏறி வந்த?"

அப்போது ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. பெண் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் நெற்றியில் கோடு இல்லை, நான் எடுத்ததில்தான் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். டிக் சொல்லிக் கைத்தட்டு வாங்குகிற ஆசையில் கேமராவை ஊமையாக வைத்ததையும் சொன்னேன். அவர் கையிலிருந்த செடியைக் கீழே போட்டார். கூடையில் கிடந்த காயை எடுத்து ஒவ்வொன்றாக மண் தட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"கோடு எதனாலன்னு யாரு கண்டுபுடிச்சது?" என்றார் கடைசியில்.

"எம் பொண்ணுங்க."

"யாரு, அந்தக் கம்ப்யூட்டர் ஆளா?"

அவர் குத்திக் கேட்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பெயர், அதை ஞாபகமாக வைத்திருந்தார். எனக்குத்தான் குத்தியது.

"கம்ப்யூட்டர் ஆளு இல்லீங்க. படம் எடுக்கிற ஆளு. அன்னைக்கு நீங்க கேட்டப்பவே அவள வரச் சொல்லியிருந்தா, இன்னைக்கு நான் இங்க உக்காந்து காய் ஆய வேண்டியதில்ல."

அவர் மறுபடியும் செடியைக் கையில் எடுத்தார். கலைப்பிரியாதான் பேசினாள். அந்த ரிசப்ஷன் சேலையை இன்னொரு தடவை கட்டிக்கொள்வதில் தனக்குக் கஷ்டமில்லையாம். மாமியார் வீட்டில் காட்ட ஒரு நல்ல படம் இருந்தால் போதுமாம். பெருமுக்கல் மலையில் பகல் வெளிச்சத்தில் எடுக்கலாம் என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வீட்டிலும் நெருங்கினவர்கள் மட்டும். குமரேசன் எழுந்து உள்ளே போகும்போது, "உம் பொண்ணு வந்தாதான். நீ மட்டும் வந்தா மலைய சுத்திப் பாத்துட்டுப் போயிடு" என்றார்.

வெனிலா, நீ வர வேண்டும். அவர் சொன்னதற்காக என்று எடுத்துக்கொள்ளாதே. அவர் சொல்வதற்கு முன்னாலேயே நான் சொல்லியாகிவிட்டது. எடுக்கப்போவது நீ. நான் பை தூக்க வருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா


விழுப்புரம்
10.9.2025

அப்பாவுக்கு,

வருகிறேன்.

இதை எழுதிவிட்டு ஒருமுறை அடித்தேன், அப்புறம் வேறு பேப்பர் எடுத்தேன். பயமாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், நான் எவ்வளவு நேரம் பார்த்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே வெயிலில் இரண்டு குடும்பம் நிற்கும். ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவர்கள். நானும் சொதப்பினால் மூன்றாவது முறை சேலை கட்டச் சொல்ல முடியாது. உங்கள் பேரும் அதோடு போய்விடும்.

சின்ன கேமராவை எடுத்து வையுங்கள். பெரியது வேண்டாம். காதுகுத்துப் படங்களை அத்தனை நாள் பார்த்ததில் சின்னது எங்கே தடுமாறும் என்று எனக்குத் தெரிகிறது. சத்தத்தை நானே போட்டுக்கொள்கிறேன். என் பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல போ" என்று சொல்லக் கூடாது. சொன்னால் கேமராவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன்.

ஜெனித்தை அலெக்ஸ் பார்த்துக்கொள்கிறார்.

குமரேசன் சாரிடம் நீங்கள் சொன்னதை எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை அலெக்ஸுக்குப் படித்துக் காட்டினேன், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதை நானே வைத்துக்கொண்டேன்.

வெனிலா


திண்டிவனம்
12.9.2025

அம்மாடி, ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு வந்துவிடு. ஸ்டேஷனில் வண்டியோடு நிற்பேன். பேட்டரி மூன்றும் சார்ஜ் போட்டாச்சு. அம்மா புளிச்சோறு கட்டுகிறாள், எனக்கும் சேர்த்துத்தான் என்று நம்புகிறேன். லெஃப்டு ரைட்டு என்ற இரண்டு வார்த்தையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன். அப்பா.


விழுப்புரம்
17.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தத் தடவை கூட்டில் கார்டு அங்கே வருகிறது. நான் எடுத்ததை நீங்கள் பாருங்கள். பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருவார்கள்.

கோடு இல்லை. மலையில் அன்றைக்கு இருந்த வெளிச்சமும் நல்ல வெளிச்சம். கலைப்பிரியாவுக்கு நேற்றே சிலவற்றை அனுப்பினேன். அவள் மாமியார் அதில் ஒன்றை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாராம். குமரேசன் சார் போன் பண்ணினார். "நல்லாக்கீதும்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது போதும்.

ஆரம்பத்தில் எடுத்ததை எல்லாம் அழிக்காமல் வைத்திருக்கிறேன், நீங்கள் பார்த்துச் சிரிப்பதற்காக. சத்தத்தைப் போட்டுத்தான் எடுத்தேன், ஆனால் அந்தச் சின்ன கேமராவின் சத்தம் மலைக்காற்றில் கொசு தும்மின மாதிரி யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்கள். நான் "ரெடி, ரெடி" என்று தொண்டை வறளக் கத்தியும் பிரயோஜனமில்லை. கலைப்பிரியாவாகத்தான் "டிக் சார் சொல்லட்டுமே" என்றாள். நீங்கள் ஓரமாகப் பையோடு நின்றுகொண்டே "டிக்" சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் எடுத்தேன். திரையில் பார்த்தால் அத்தனை பேர் கண்ணும் உங்கள் பக்கம் போயிருக்கிறது. கேமராவை ஒருத்தர் பார்க்கவில்லை. பதினைந்து பேரும் ஓரமாக யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அதனால்தான் அப்படிச் சொன்னேன். "அப்பா, இப்படி வந்து எனக்கு முன்னால கீழ உக்காருங்க, கேமராவுக்கு நேர் கீழ." குமரேசன் சார் நின்றார், மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். நீங்கள் வெள்ளை வேட்டியோடு அந்தப் பாறையில், என் காலடியில் உட்கார்ந்தீர்கள். அதற்கப்புறம் எல்லாப் படமும் சரியாக வந்தது. ஆனால் ரயிலில் வரும்போதே எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. உங்களை அத்தனை பேர் முன்னால் தரையில் உட்காரச் சொல்லியிருக்க வேண்டாம். வேறு ஏதாவது வழி யோசித்திருக்கலாம். அன்றைக்குக் காபி டம்ளரோடு நின்றது நான்தானே, எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுக்கிற நாள் வருகிறது. என்ன முடிவு செய்தீர்கள்? பெரியதுதான் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. இப்போது நிஜமாகவே சொல்கிறேன்.

உங்கள் மகள்
வெனிலா


திண்டிவனம்
22.9.2025

மரியே வாழ்க.

அன்பு மகளுக்கு,

படங்களைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டு நானும் அம்மாவும் பார்த்தோம். அம்மா இரண்டு தடவை பார்த்தாள். எனக்குச் சட்னி திரும்ப வந்துவிட்டது.

என்னைத் தரையில் உட்கார வைத்தது பற்றி எழுதியிருந்தாய். அம்மாடி, இத்தனை வருஷம் மேடையில் ஏறி நின்று எடுத்தேன். எதிரில் நிற்பவர்களின் முகம் எனக்குக் கேமரா வழியாகத்தான் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டே ஜனங்களைப் பார்த்திருக்கிறேன். பெருமுக்கலில் பாறைமேல் உட்கார்ந்தபோதுதான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கொஞ்சம் அகலமாகவே தெரிகிறார்கள். குமரேசன் சிரிக்கும்போது கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை, உனக்குத் தெரியுமா? பாறை சுட்டது, அது ஒன்றுதான் குறை. அடுத்த தடவை ஒரு கோணி கொண்டு வா.

காபி டம்ளரை நீ மறக்க வேண்டாம். நானும் மறக்கப் போவதில்லை. இரண்டு பேரும் ஞாபகம் வைத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் பயம் இருக்கும்.

கேமரா விஷயம். நேற்று பாண்டிச்சேரி போய் வாடகைக்கு எடுத்த இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் பெரியதைக் கடைசியாக ஒருமுறை கழுத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். மதிப்பு ஒன்றும் கூடவில்லை, கழுத்துதான் குனிந்தது. சின்னது ஒன்று புதிதாக வாங்கியாகிவிட்டது. உன் பேரில் பில். டீச்சரிடம் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை, நானே எடுத்து வருகிறேன். எனக்கு இப்போதைக்குப் பழையதே போதும். இருட்டில்தான் அது தடுமாறும், பகலில் கெட்டி. அதற்கும் எனக்கும் அதில் ஒற்றுமை இருக்கிறது. நீ சொன்ன இரண்டாவது சின்னதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனிமேல் கல்யாணத்தில் தாலிப் பக்கம் நீ நில். பெண்ணின் அம்மா முகத்தையும் அப்பன் முகத்தையும் நான் எடுக்கிறேன். உன் கல்யாணத்தன்று நானும் அப்படி நின்றவன்தான். எந்த நேரத்தில் அந்த முகம் உடையும் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை ஒருவர் ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கேட்டு வந்தார். கலைப்பிரியா படத்தைப் பார்த்துவிட்டு வந்தாராம். அம்மா காபி கொண்டு வந்தாள். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"படம் நீங்கதான எடுப்பீங்க?"

"எம் பொண்ணுங்க. விழுப்புரத்துல இருக்கா."

"அப்போ நீங்க?"

அம்மா உள்ளே போகாமல் என்ன சொல்கிறேன் என்று நின்று பார்த்தாள்.

"நான் சத்தங்க" என்றேன்.

இப்படிக்கு,
அப்பா